ரீடிங் தப்பா வந்தாலும் மார்க் உண்டு: பசங்களுக்கு ஆராயச் சொல்லித் தர்றதும் அதுக்கு மார்க் போடறதும்

கோபிசெட்டிபாளையம் பக்கத்துல ஒரு நடுநிலைப்பள்ளிக்கு புதுசா வந்திருக்கற டீச்சர் ஒருத்தங்க கேட்டிருந்தீங்க. எட்டாவதுல 42 பசங்க, லேபுன்னு தனியா ரூம் கெடையாது, ஒரே ஒரு அலமாரி, பீரியடு 40 நிமிஷம். "ஆராயற திறனை வளர்க்கோணும்னு பயிற்சியில சொல்லித் தாட்டி விடறாங்க, அதை எப்படி சொல்லித் தர்றது, தந்தாலும் எதைப் பாத்து மார்க் போடறது, பாடம் முடிக்கவே நேரம் பத்தலையே"ன்னு. கேள்வி நெம்ப நல்ல கேள்விங்க டீச்சர். நான் காங்கயம் பக்கம் 24 வருசமா ஆறாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் அறிவியல் எடுக்கறேன், இதுல நான் பண்ணுன தப்பும் இருக்கு, சரியா வந்ததும் இருக்கு, ரெண்டையும் சொல்றேன். கொஞ்சம் நீளமாத்தான் வரும், பொறுமையா படிங்க.

மொதல்ல என்ற கதை ஒன்னு சொல்லிப்போடறேன், ஏன்னா மார்க் போடற விசயத்துல நான் புடிவாதமா இருக்கறதுக்கு அதுதான் காரணம். நான் பன்னெண்டாவது படிச்ச பள்ளிக்கூடத்துல தனி ஊசல் சோதனை. நூல்ல குண்டைக் கட்டி ஆட்டி, 20 அலைவுக்கு நேரம் எடுத்து, அதுல இருந்து புவிஈர்ப்பு முடுக்கம் கண்டுபுடிக்கோணும். எனக்கு 9.3 வந்துச்சு. மறுபடியும் செஞ்சேன், 9.4. சாருகிட்ட கொண்டு போய் காட்டுனா, "9.8 வரோணும்மா, ரீடிங்கை மாத்தி எழுதி எடுத்துட்டு வா"ன்னாரு. பக்கத்துல இருந்த புள்ள எப்படி பின்னால இருந்து கணக்குப் போட்டு டைமை மாத்தறதுன்னு சொல்லிக் குடுத்தா. முழு மார்க்கும் வந்துச்சு. ஆனா எனக்கு ஏன் 9.3 வந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் அந்த பள்ளிக்கூடத்துல யாரும் கேக்கல. நூல் நீளத்தை குண்டோட நடு வரைக்கும் அளக்காம கொக்கி வரைக்கும் அளந்திருப்பேன்னு நானே டீச்சரான பொறவுதான் ரோசனை வந்துச்சு. அந்த ஒரு கேள்வியை அன்னைக்கே கேட்டிருந்தா அந்த முக்கா மணி நேரத்துல நான் கத்துக்கிட்டது வேற மாதிரி இருந்திருக்கும். விடைக்கு மார்க் போட்டா புள்ளைங்க விடையைத்தான் செய்வாங்க, அது அவங்க தப்பு இல்லீங்க.

சரி, ஆராயற திறன்னா என்னன்னு சுருக்கமா பேசிக்கலாம். பயிற்சியில பெரிய பெரிய வார்த்தையா சொல்லுவாங்க, ஆனா நம்மூர்ல இது புதுசு இல்லீங்க. எங்க அப்பாரு கடலைக்காய் வெதைக்கறதுக்கு முன்னாடி 100 பருப்பு எண்ணி எடுத்து ஈர சாக்குல வரிசையா வச்சு சுருட்டி, திண்ணை ஓரமா வச்சு வெடியாலயும் பொழுதோடயும் தண்ணி தெளிப்பாரு. நாலாவது நாளோ அஞ்சாவது நாளோ பிரிச்சு எண்ணுவாரு. 90 மொளைச்சிருந்தா ஒரு கணக்கு, 70தான்னா ஏக்கருக்கு எச்சு வெதை, அதுக்கும் கீழ போனா அந்த வெதையே வேண்டாம். பருப்பை பொறுக்கி எடுக்க மாட்டாரு, மூட்டைக்குள்ள கையை உட்டு மேல கீழ நடுவுலன்னு அள்ளுவாரு. ஏனுங் அப்பாரு நல்ல பருப்பா பாத்து எடுக்கலாமில்லன்னு கேட்டா, "அப்பறம் காட்டுல போயி ஏமாறதுக்கா"ம்பாரு. கேள்வி இருக்கு, மாதிரி எடுக்கற நேர்மை இருக்கு, எண்ணிக்கை இருக்கு, எண்ணுனதை வச்சு ஒரு முடிவு இருக்கு. உங்க பசங்கள்ல பாதிப்பேரு ஊட்டுல இதைப் பாத்திருப்பாங்க, அது அறிவியல்னு யாரும் சொல்லாததால அவங்களுக்குத் தெரியல, அவ்வளவுதான். நீங்க மொத வாரத்துலயே இதைக் கேட்டுப் பாருங்க, ஊட்டுல யாரு என்னத்தை எப்படி சோதிச்சுப் பாப்பாங்கன்னு. பால்ல தண்ணி கலந்திருக்கான்னு எப்படிப் பாப்பாங்க, மஞ்சள் வெந்துருச்சான்னு எப்படித் தெரியும்னு கேட்டீங்கன்னா கடைசி பெஞ்சு பசங்கதான் மொதல்ல கை தூக்குவாங்க.

இப்ப சொல்லித் தர்ற விசயத்துக்கு வர்றேன். நெறைய பேரு நெனைக்கறது, புள்ளைங்க கையில சாமானைக் குடுத்து உட்டுட்டா தானா ஆராய ஆரம்பிச்சுருவாங்கன்னு. நானும் மொத ரெண்டு மூனு வருசம் அப்படித்தான் இருந்தேன், வகுப்பு முச்சூடும் சத்தமா இருக்கும், சந்தோசமா இருப்பாங்க, கடைசில நோட்டுல ஒன்னும் இருக்காது. 1999ல செ சென், டேவிட் க்ளார்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 7 வயசுல இருந்து 10 வயசு வரைக்கும் இருக்கற புள்ளைங்களை வச்சு இதைப் பாத்தாங்க. சாய்வுப் பலகைல பந்தை உருட்டி உட்டு, எது மாறுனா பந்து எட்டிப் போகும்னு கண்டுபுடிக்கற மாதிரி வேலை. பலகையோட சாய்வு, மேல்பரப்பு, எங்கிருந்து உடறோம், எந்த பந்துன்னு நாலு விசயம் மாத்தலாம். சும்மா உட்ட புள்ளைங்க எல்லாத்தையும் ஒரேயடியா மாத்தி ஒன்னும் கண்டுபுடிக்க முடியாம நின்னாங்க, கேள்வி மட்டும் கேட்டு உட்டவங்களும் பெருசா முன்னேறல, "பாரு சாமி, ஒரு சமயத்துல ஒன்னை மட்டும் மாத்துனாத்தான் அதாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியும்"னு உதாரணத்தோட வெளக்கிச் சொன்ன குரூப்புதான் நல்லா செஞ்சுச்சு. இது எனக்கு பெரிய ஆறுதல்ங்க. சில விசயத்தை நேரா வாயால சொல்லித்தான் ஆகோணும், சொல்லித் தர்றது பாவம் இல்ல.

புத்தகத்துல சாரா மாறி, சார்ந்த மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறின்னு இருக்கும். எட்டாவது புள்ளைக்கு அது மனப்பாட வார்த்தை ஆயிரும். நான் கரும்பலகைல மூனு கட்டம் போட்டு "மாத்தறது, மாத்தக் கூடாதது, அளக்கறது"ன்னு எழுதிருவேன். வருசம் பூரா எந்த சோதனை செஞ்சாலும் மொதல்ல அந்த மூனு கட்டத்தை ரொப்போணும். அப்பறமேட்டுக்குத்தான் சாமானைத் தொடோணும். டிசம்பர் வர்றப்ப அந்த வார்த்தையை பசங்களே பேசிக்குவாங்க, "டேய் நூல் நீளம் மாத்தக் கூடாததுடா"ன்னு ஒருத்தனை ஒருத்தன் திட்டிக்கறதை கேக்கறப்ப நமக்கு வர்ற சந்தோசத்துக்கு ஈடே இல்லீங்க.

அடுத்தது, எவ்வளவு தூரம் கையை உடறதுங்கற கணக்கு. இதை நாலு படியா பிரிச்சு பாஞ்சி, பெல்னு ரெண்டு பேரு 2008ல எழுதுனாங்க, அது எனக்கு நெம்ப ஒத்து வருது. மொத படில கேள்வி, வழி, விடை எல்லாமே புள்ளைக்கு முன்னாடியே தெரியும், செஞ்சு உறுதிப்படுத்திக்கும். ரெண்டாவதுல கேள்வியும் வழியும் நாம குடுப்போம், விடை தெரியாது. மூனாவதுல கேள்வி மட்டும் நாம, வழி அவங்களது. நாலாவதுல கேள்வியே அவங்களது. நம்ம புத்தகத்துல இருக்கற செயல்பாடு பெரும்பாலும் மொத படிதான், "இதிலிருந்து நாம் அறிவது"ன்னு கீழயே விடையும் இருக்கும். அதை தூக்கிப் போட வேண்டியதில்லீங்க டீச்சர், அந்த கடைசி வரியை பேப்பர் வச்சு மறைச்சுட்டீங்கன்னாலே ரெண்டாவது படி ஆயிரும், செய்முறையையும் மறைச்சா மூனாவது. ஒரே செயல்பாடு, பேப்பரை எங்க வைக்கறோம்ங்கறதுதான். ஜூன்ல ரெண்டாவது படில ஆரம்பிச்சு, மூனாவது படிக்கு அக்டோபர் வாக்குல வந்தீங்கன்னா போதும், நாலாவது படி வருசத்துக்கு ஒருக்கா கெடைச்சாலே பெருசு.

ஒரு வகுப்பு எப்படிப் போச்சுன்னு கிட்டக்க நின்னு காட்டறேன், மஞ்சள் பேப்பர் வகுப்பு. ஈரோட்டு சீமைல இருந்துக்கிட்டு லிட்மஸ் பேப்பர் இல்லைன்னு வெசனப்பட வேண்டியதே இல்லீங்க. ஒரு ஸ்பூன் மஞ்சத்தூளை கொஞ்சூண்டு சானிடைசர்லயோ தண்ணிலயோ கொழைச்சு (சானிடைசர்னா நெறம் நல்லா எறங்கும், மஞ்சள்ல இருக்கற குர்குமின் தண்ணில அவ்வளவா கரையாது) வெள்ளை பேப்பர்ல தடவி காய வச்சு துண்டு துண்டா வெட்டி வச்சுக்கறது. சோப்புத் தண்ணி, சுண்ணாம்புத் தண்ணி, ஆப்ப சோடா பட்டா செவந்துரும். எலுமிச்சை, புளி, மோரு பட்டா அப்படியே மஞ்சளாவே இருக்கும். குங்குமம் எப்படி செய்யறாங்கன்னு பாட்டிமாருகிட்ட கேட்டுட்டு வரச் சொன்னா மஞ்சளும் சுண்ணாம்பும்னு வந்து சொல்லுவாங்க, அங்கயே பாடம் ஒட்டிக்கும்.

அன்னைக்கு ஊட்டுல இருந்து எதையாவது பாட்டில்ல கொண்டு வாங்கன்னு சொல்லியிருந்தேன். போர் தண்ணி, ஆத்துத் தண்ணி, சாம்பல் கரைச்ச தண்ணி, எளனி, சாயப்பட்டறை பக்கத்துல இருந்து ஒருத்தன் ஒரு தண்ணி, எல்லாம் வந்துச்சு. ஒரு பையன் போர் தண்ணில பேப்பரை முக்கிட்டு, நோட்டுல "நெறம் மாறவில்லை. எனவே எங்க ஊட்டு போர் தண்ணி அமிலம்"னு எழுதியிருந்தான். புத்தகப்படி பாத்தா மஞ்சள் மாறலைன்னா அமிலம்னு அவன் மனசுல பதிஞ்சிருச்சு. நான் தப்புன்னு சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள பக்கத்து குரூப் புள்ள ஒருத்தி, நெம்ப அமைதியான புள்ள, "அப்ப சக்கரைத் தண்ணிக்கும் மாறலயேடா, அதுவும் அமிலமா"ன்னா. அவன் சித்தெ நேரம் ரெண்டு பேப்பரையும் வச்சுப் பாத்துட்டு இருந்தான். அப்பறம் அவனே ஒரு பேப்பரை சோப்புல முக்கி செவக்க வச்சு, காய வச்சு, அதை போர் தண்ணில போட்டுப் பாத்தான், இன்னொரு செவந்த பேப்பரை எலுமிச்சைல போட்டான். எலுமிச்சைல போட்டது பளிச்சுனு மஞ்சளா திரும்புச்சு, போர் தண்ணில போட்டது அப்படி திரும்பல. நோட்டுல பழைய வரியை அடிச்சுட்டு கீழ எழுதுனான்: "மாறலைன்னா காரம் இல்லைன்னு மட்டும்தான் சொல்ல முடியும். அமிலம்னு சொல்ல செவந்த பேப்பர் வேணும்." செவந்த பேப்பரு கடைசி வார்த்தை இல்லைங்கறது வேற விசயம், ஆனா எட்டாவது படிக்கற புள்ள, தன்ற பேப்பரால எதைச் சொல்ல முடியும் எதைச் சொல்ல முடியாதுன்னு கண்டுபுடிச்சிருக்கான். இதுதாங்க டீச்சர் நாம தேடற திறன். இதுக்கு மார்க் போட நம்ம கிட்ட கட்டம் இருக்கோணும்.

அந்த அடிச்ச வரி முக்கியம். அதனாலதான் என்ற வகுப்புல சோதனை நோட்டுக்கு பென்சிலும் ரப்பரும் கெடையாது, பேனாதான். தப்புன்னு தோணுனா ஒரு கோடு இழுத்து அடிச்சுட்டு பக்கத்துல ஏன் அடிச்சேன்னு எழுதோணும். மொத மாசம் அம்மா அப்பா வந்து கேப்பாங்க, என்னங்க டீச்சர் நோட்டு இப்படி அசிங்கமா இருக்குதுன்னு. சொல்லிப் புரிய வச்சிருங்க. சுத்தமா இருக்கற சோதனை நோட்டைப் பாத்தாத்தான் எனக்கு இப்பல்லாம் சந்தேகம் வரும், எழுதிப் பாத்து காப்பி பண்ணியிருக்குமோன்னு.

இப்ப மார்க். இங்கதான் எல்லாரும் தடுமாறறது. பத்தாவதுக்கு அறிவியல்ல எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25னு இருக்கு, நீங்க எட்டாவதுல இப்ப எதைப் பழக்கறீங்களோ அதுதான் அந்த 25க்கும் போய்ச் சேரும். முப்பருவ முறை வந்தப்ப எஃப்ஏ (ஏ)ன்னு, வளரறி மதிப்பீட்டுல ஒரு பகுதியா, செயல்பாட்டுக்கு 20 மார்க் வச்சாங்க, நெனைப்பு நெம்ப நல்ல நெனைப்பு, ஆனா பல எடத்துல அது ஸ்டேஷனரி கடைல வாங்குன சார்ட்டும் தெர்மாகோல் எரிமலையுமா போயிருச்சு, யாருக்கு அழகா ஒட்டத் தெரியுமோ அவங்களுக்கு மார்க்குன்னு. அதுல ஆராய்ச்சி எங்க இருக்கு சொல்லுங்க. பணம் இருக்கற ஊட்டுப் புள்ளைக்கு அழகான சார்ட், தறிக்குப் போற ஊட்டுப் புள்ளைக்கு அதுவும் இல்ல, இந்த ஏற்றத்தாழ்வு எனக்கு இன்னும் வயித்தெரிச்சல்.

நான் பாக்கறது நாலே விசயம்: கேள்வி சோதிச்சுப் பாக்கற மாதிரி இருக்கா, அந்த மூனு கட்டம் சரியா ரொம்பியிருக்கா, எழுதுன ரீடிங் உண்மையா இருக்கா (எத்தனை தடவை எடுத்தாங்க, ஒத்து வராததையும் எழுதுனாங்களா), கடைசில சொல்ற முடிவு அந்த ரீடிங்குல இருந்து வருதா. ஒவ்வொன்னுக்கும் 0, 1, 2, 3னு நாலு படி. 3னா என்ன, 1னா என்னன்னு பசங்களோட ஒட்டுக்கா உக்காந்து அவங்க பேச்சுலயே எழுதி செவுத்துல ஒட்டிருங்க, அது நெம்ப முக்கியம், ஏன்னா எதுக்கு மார்க்குன்னு புள்ளைக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கோணும். விடை சரியாங்கறதுக்கு இதுல எடமே இல்ல. ஊசல்ல 9.3 வந்து, "நூலை கொக்கி வரைக்கும் அளந்திருப்பேன்னு சந்தேகம்"னு எழுதுன புள்ளைக்கு நான் முழு மார்க் போடுவேன், 9.8 வந்து ஏன் எப்படின்னு ஒன்னும் எழுதாத புள்ளைக்கு பாதிதான்.

42 பேரையும் ஒரே நாள்ல பாக்க முடியாதுங்க, முயற்சி கூட பண்ணாதீங்க. ஒரு பீரியடுக்கு ஆறு பேரு, அவ்வளவுதான். யாரு அந்த ஆறு பேருன்னு நீங்க மட்டும் தெரிஞ்சு வச்சுக்கிட்டு வருகைப் பதிவேடு மாதிரி ஒரு தாளை அட்டைல வச்சுக்கிட்டு நடங்க, ஏழு பீரியடுல வகுப்பு முடிஞ்சிரும். பக்கத்துல போய் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எப்படித் தெரியும் கண்ணு?" பதில்ல "புத்தகத்துல இருக்குங்க மிஸ்"னு வந்தா ஒரு கணக்கு, "மூனு தடவை செஞ்சோம், ரெண்டு தடவை ஒரே மாதிரி, ஒன்னு மட்டும் எச்சா வந்துச்சு"ன்னு வந்தா வேற கணக்கு. நாலு பேரு குரூப்புல ஒருத்தன் செய்வான் மத்த மூனு பேரும் வேடிக்கை பாப்பாங்க, இது எல்லா ஊர்லயும் இருக்கறது. செய்யறவன், அளக்கறவன், எழுதறவன், சந்தேகம் கேக்கறவன்னு நாலு வேலை பிரிச்சு ஒவ்வொரு தடவையும் மாத்தி உடுங்க. இன்னொன்னும் கவனிச்சுப் பாருங்க, தானா உட்டீங்கன்னா பையன் சாமானைப் புடிச்சுக்குவான், பொண்ணு நோட்டு எழுதிட்டு இருப்பா, கையெழுத்து நல்லா இருக்குங்கற சாக்குல. வேலை மாத்தறதை கட்டாயமா வச்சாத்தான் அது ஒடையும்.

ரீடிங் எடுக்கறதுக்கு ஊசலை விட நல்ல பயிற்சி எனக்குத் தெரிஞ்சு இல்லீங்க, செலவே இல்ல, கயிறும் கல்லும் போதும். எடை எச்சான கல்லுதான் வேகமா ஆடும்னு முக்கால்வாசி பேரு கை தூக்குவாங்க, பியாஜே, இன்ஹெல்டர்னு ரெண்டு உளவியலாளருங்க 1950கள்ல இதே ஊசலை வச்சுத்தான் புள்ளைங்க எப்படி யோசிக்கறாங்கன்னு பாத்தாங்க. மொதல்ல என்ன ஆகும்னு ஊகிச்சு காரணத்தோட எழுத வச்சுட்டு, அப்பறம் செஞ்சு பாக்க வைங்க. 1 மீட்டர் நீளத்துக்கு 10 அலைவு 20 செகண்டு பக்கமா வரும், 25 சென்டிமீட்டருக்கு 10 செகண்டு பக்கமா. நீளத்தை கால்வாசியா கொறைச்சா நேரம் பாதிதான் கொறையுதுன்னு அவங்களே பாத்து முழிப்பாங்க. பத்து குரூப்போட நேரத்தையும் பலகைல எழுதுனீங்கன்னா 19.6, 20.3, 20.1, ஒரு குரூப்புக்கு மட்டும் 18னு வரும். அந்த 18ஐ தப்புன்னு அழிக்காம, என்ன நடந்திருக்கும்னு கேளுங்க. பத்துன்னு எண்ணுனாலும் ஒம்போது அலைவுதான் நெசமா ஆடியிருக்கும், பெரும்பாலும் அதுதான், கையை உடறப்பவே ஒன்னுன்னு எண்ண ஆரம்பிக்கறதா சுழியம்னு ஆரம்பிக்கறதாங்கற சண்டை. எல்லாருக்கும் ஏன் அச்சு அசலா 20 வரல, போன் ஸ்டாப்வாட்ச் அமுக்கற கை எவ்வளவு தாமதம், ஒரு அலைவுக்கு எடுக்காம பத்துக்கு எடுத்து வகுக்கறது எதுக்குன்னு அந்த ஒரு பலகைலயே ஒரு பீரியடு ஓடும்.

எழுத்துப் பரிட்சைலயும் இதைக் கேக்கலாங்க, செய்முறை மட்டும்தான்னு இல்ல. 2015ல பீசான்னு பல நாட்டுல 15 வயசுப் பசங்களுக்கு வைக்கற தேர்வுல அறிவியல்தான் முக்கிய பாடமா இருந்துச்சு, அதுல மூனு திறனைப் பாத்தாங்க: நடக்கறதை அறிவியல்படி வெளக்கறது, ஒரு ஆய்வை திட்டமிடறதும் எடை போடறதும், தரவுல இருந்து அர்த்தம் எடுக்கறது. நம்ம தமிழ்நாடு அதுக்கு முன்னாடி 2009 சுத்துல ஹிமாச்சலோட சேந்து கலந்துக்கிட்டு கடைசி எடங்கள்ல வந்துச்சு. நம்ம பசங்களுக்கு அறிவு இல்லாம இல்லீங்க, இந்த மாதிரி கேள்வியை அவங்க பாத்ததே இல்ல. இந்தியாவுலயே இதுக்கு முன்மாதிரியும் இருக்கு. மத்தியப் பிரதேசத்துல ஹோஷங்காபாத் மாவட்டத்துல 1972ல 16 கிராமத்துப் பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்ச அறிவியல் கற்பித்தல் திட்டம், அப்பறம் நூத்துக்கணக்கான பள்ளிக்கூடத்துக்குப் போச்சு, 1982ல இருந்து ஏகலவ்யா அமைப்பு அதை எடுத்து நடத்துச்சு. அங்க பரிட்சைல புத்தகத்தையும் நோட்டையும் தொறந்து வச்சுக்கிட்டே எழுதலாம், செய்முறைத் தேர்வும் உண்டு, கேள்வி அப்படி இருக்கும், மனப்பாடம் பண்ணி வந்தா பிரயோசனம் இல்ல. 2002ல அரசு அதை நிறுத்திருச்சு, ஆனா 30 வருசம் சாதாரண அரசுப் பள்ளிக்கூடத்துல, சாதாரண டீச்சருங்களை வச்சு நடந்துச்சுங்கறதை யாரும் மறுக்க முடியாது. லேப் இல்லைன்னு நாம சொல்றப்பல்லாம் எனக்கு அது ஞாபகம் வந்துரும்.

நான் வைக்கற ஒரு கேள்வியை சொல்றேன், நீங்களும் எடுத்துக்கோங்க. "உங்க தோட்டத்துல போர் போடறதுக்கு தேங்காய் வச்சு தண்ணி பாக்கறவர் ஒருத்தர் வர்றாரு. உள்ளங்கைல தேங்காய வச்சுட்டு நடந்து போறாரு, ஒரு எடத்துல தேங்காய் நிமிந்து நிக்குது, இங்க தண்ணி இருக்குதுங்கறாரு. இது உண்மையான்னு எப்படி சோதிப்ப?" கொங்குல இதைப் பாக்காத புள்ளையே கெடையாது, போரு ஆயிரம் அடி போயும் புழுதி பறந்த கதை ஒவ்வொரு ஊட்டுலயும் இருக்கும், அதனால எல்லாரும் எழுதுவாங்க. "அது மூடநம்பிக்கை"ன்னு ஒரே வரில எழுதுன புள்ளைக்கு நான் 0தான் போடறேன், ஏன்னா கேள்வி எப்படி சோதிப்பன்னு, அதுக்கு பதில் இல்ல. "தாத்தா சொன்னா உண்மைதான்"னு எழுதுனாலும் அதே 0. "போர் போட்டுப் பாப்பேன், தண்ணி வந்தா உண்மை"ன்னா 1. "பத்து தோட்டத்துல அவரு காட்டுன எடத்துல எத்தனை எடத்துல தண்ணி வந்துச்சுன்னு எண்ணுவேன்"னா 2. "அவரு காட்டாத எடத்துல போட்ட போரையும் எண்ணி ரெண்டையும் ஒப்பிடுவேன்"னா 3, ஏன்னா அந்த ஒப்பீடு இல்லாம எண்ணிக்கைக்கு அர்த்தமே இல்ல, அந்த ஊர்ல எங்க தோண்டுனாலும் தண்ணி வர்றதா இருந்தா? ஒரு வருசம் ஒரு புள்ள எழுதியிருந்தா: "அவரு கண்ணைக் கட்டி அதே தோட்டத்துல மறுபடியும் வேற பக்கம் இருந்து நடக்க விடுவேன். தேங்காய் மொதல்ல நிமிந்த அதே எடத்துல நிமிருதான்னு பாப்பேன். இதுக்கு போர் போட வேண்டாம், காசு செலவு இல்லை." எனக்கு மயிர்க்கூச்செறிஞ்சு போச்சுங்க. அந்த வருசம் அவளுக்கு கடல் மட்டம், வளிமண்டலம்னு மத்த கேள்வில மார்க் கம்மிதான்.

ஜெர்மனில ம்யூனிக்ல 1987, 88ல கிட்டத்தட்ட இதையேதான் செஞ்சாங்க. ஒரு பெரிய கொட்டகைல கீழ்த்தளத்துல தண்ணிக் குழாயை வண்டில வச்சு எடம் மாத்தி மாத்தி வைக்கறது, மேல்தளத்துல நீர் பாக்கறவங்க குழாய் எங்க இருக்குன்னு சொல்லோணும். நல்லா சொல்றவங்கன்னு 43 பேரை தேர்ந்தெடுத்து 843 தடவை செஞ்சாங்க. நடத்துனவங்க இதுல சில பேருக்கு நெசமாவே திறமை இருக்குன்னாங்க. அதே எண்களை எடுத்து அலசுன என்ரைட்டுங்கற விஞ்ஞானி 1999ல, குருட்டாம்போக்குல சொன்னா என்ன வருமோ அதுக்கு மேல இதுல ஒன்னும் இல்லைன்னு எழுதுனாரு. பரிட்சை முடிஞ்ச மக்யாநாள் இதை வகுப்புல சொல்லுவேன், ஒரே ரீடிங்கை வச்சு ரெண்டு பேரு ரெண்டு முடிவுக்கு எப்படி வந்தாங்கன்னு பேச வைப்பேன். ஆனா ஒன்னுங்க டீச்சர், இதை வச்சு புள்ளைங்க ஊட்டுல போய் பெரியவங்களை மட்டம் தட்டக் கூடாது. காசு போட்டு காய்ஞ்ச குழியைப் பாத்த மனுசனுக்கு ஒரு நம்பிக்கை வேணும், அதை கேலி பண்றதுல அறிவியல் ஒன்னும் இல்ல. "எப்படித் தெரியும்"ங்கறதை அன்பா கேக்கற பழக்கம் வரோணும்னு வகுப்புலயே சொல்லிருவேன்.

இன்னொரு வகை கேள்வியும் நல்லா வேலை செய்யும், வேற ஒரு புள்ளை செஞ்ச சோதனைன்னு ஓட்டையோட ஒரு அட்டவணையைக் குடுத்து ஓட்டையைக் கண்டுபுடிக்கச் சொல்றது. உதாரணத்துக்கு, ஒரு பையன் செம்மண்ல பச்சைப்பயிறு பத்து வெதை வெயில்ல வச்சான், கரிசல்ல அஞ்சு வெதை நெழல்ல வச்சான், செம்மண்ல எச்சா மொளைச்சுது, அதனால செம்மண்தான் நல்லதுன்னு எழுதுனான்னு குடுங்க. அடுத்தவன் தப்பைக் கண்டுபுடிக்கறதுல நம்ம பசங்களுக்கு இருக்கற உற்சாகம் உங்களுக்கே தெரியும், அந்த உற்சாகத்தை இதுக்கு திருப்பி உடலாம். அஞ்சு நிமிஷ கேள்வி, திருத்தறதும் சுலபம்.

இங்கிலீஷ் மீடியம் செக்சன் எடுக்கறீங்கன்னா முடிவு எழுதறதை மட்டுமாவது தமிழ்ல எழுத உடுங்க. இங்கிலீஷ்ல எழுதச் சொன்னா புத்தக வரியை எடுத்து ஒட்டிருவாங்க, தமிழ்ல எழுதறப்பதான் அவங்க நெனைச்சது வெளிய வரும். ஆராயற திறனுக்கும் மொழித் திறனுக்கும் ஒரே மார்க்ல தண்டனை குடுத்தறக் கூடாது.

நேரம் பத்தலைன்னீங்க. எல்லா பாடத்துக்கும் இப்படி பண்ண முடியாதுதான், நானும் பண்றதில்ல. ஒரு பருவத்துக்கு மூனு சோதனையை இப்படி முழுசா செய்யுங்க, மீதியை வழக்கம் போல நடத்துங்க. அரசோட வானவில் மன்றம் திட்டம் 2022 நவம்பர்ல ஆரம்பிச்சதுல இருந்து ஆறாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் கருத்தாளருங்க சாமானோட பள்ளிக்கூடத்துக்கு வர்றாங்க, அவங்க வர்ற நாளை வேடிக்கைக்கு உடாம முன்னாடி நாளே அந்த மூனு கட்டத்தை ரொப்ப வச்சு வைங்க. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தோட துளிர் இதழை வகுப்புக்கு ஒன்னு வாங்கிப் போடுங்க. 1993ல இருந்து நடக்கற தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு 10ல இருந்து 17 வயசு வரைக்கும் பசங்க உள்ளூர் பிரச்சனைய எடுத்து ஆய்வு செஞ்சுட்டுப் போகலாம், அதுதான் நான் சொன்ன நாலாவது படி. உங்களுக்கு கொடிவேரி பக்கம், பவானி ஆத்துத் தண்ணியும் கீழ்பவானி வாய்க்கால் பாசனமும் கெணத்துத் தண்ணியும் பக்கத்துப் பக்கத்துல கெடைக்குது. வாய்க்கால்ல தண்ணி உட்ட பொறவு கெணறு எத்தனை நாள்ல எத்தனை அடி ஏறுதுன்னு ஒரு கயிறும் கல்லும் வச்சு பத்து ஊட்டுப் புள்ளைங்க தெனமும் அளந்தாலே போதும், அந்த கயித்துல முடிச்சு போட்டு அடிக்கணக்கு பாக்கறதை ஊட்டுல இருக்கற பெரியவங்களே சொல்லிக் குடுத்திருவாங்க.

ஆரம்பிக்கறதுக்கு மஞ்சள் பேப்பரே எடுத்துக்கோங்க. 50 கிராம் தூளு, சின்ன சானிடைசர் பாட்டில், கொஞ்சம் வெள்ளை பேப்பர், இதுக்கு பெருசா செலவு ஆகாது. ஊட்டுல இருந்து தண்ணி கொண்டு வரச் சொல்லி, மூனு கட்டத்தையும் பலகைல போட்டுட்டு, பேனாவோட உக்கார வைங்க. மொத நாள் நோட்டுல எத்தனை வரி அடிச்சிருக்குன்னு எண்ணி வச்சுக்கோங்க, அரைப்பரிட்சை சமயத்துல மறுபடி எண்ணிப் பாருங்க, அப்ப அடிச்ச வரிக்குப் பக்கத்துல ஏன் அடிச்சேன்னு எழுதியிருக்கறது எத்தனைன்னும் பாருங்க. அதை எனக்கும் எழுதுங்க டீச்சர், நான் இங்க என்ற வகுப்புல எண்ணி வைக்கறேன்.